கரியமில வாயுவுக்குப் பிரியாவிடை

நிறுவனத்து முற்றத்தில் பாதிரியார் வந்து வரிசையாக நின்ற இரும்பு சிலிண்டர்கள் மேல் தீர்த்தம் தெளித்தபோதே, இது நல்லதுக்கு இல்லை என்று ஸ்மராந்தாவுக்குத் தோன்றியது. ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் கறுப்பு நாடா கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தது கரியமில வாயு. அன்றைக்கு அதற்குப் பிரியாவிடை.

யாஷ் நகரத்தின் சிறுநீரக ஆய்வு நிறுவனம் 'கரியற்ற வளாகம்' என்ற ஐரோப்பிய விருதுக்கு விண்ணப்பித்திருந்தது. விருது கிடைத்தால் புதுக் கட்டிடம் கட்டப் பணம் வரும். அதனால் டைரக்டர் கொர்னெலியு ஹர்தோபானு மேடையேறி, "இன்றோடு இந்த வளாகத்தில் கரியின் ஆட்சி முடிந்தது" என்று அறிவித்தார். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். பராமரிப்பு ஊழியர் கியோச்செல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டார். சீறிக்கொண்டு வெள்ளைப் புகையாக வாயு வெளியேறி, கோப்பொவ் மேட்டு மரங்களுக்கு மேலே போய்க் கலந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த சிலர் இருமினார்கள்.

நிறுவனம் இரண்டு வருஷத்தில் வெளியே விட்டிருக்கக்கூடிய வாயுவை, அதை ஒழித்துக்கட்டும் விழாவில் ஒரே காலையில் விட்டுவிட்டது. இதை யாரிடம் சொல்வது என்று ஸ்மராந்தா சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்மராந்தாவின் வேலை அடித்தளத்தில். இறந்தவர்களிடமிருந்து தானமாக வந்து, பெரிய ஊர் மருத்துவமனைகள் 'இது தேறாது' என்று தள்ளிவிட்ட சிறுநீரகங்கள் அவளிடம் வரும். அவற்றைக் கண்ணாடிக் கலத்தில் உடல் சூட்டில் வைத்து, குழாய் பொருத்தி, ரத்தத்துக்குப் பதிலாகத் தெளிந்த ஒரு கரைசலை உள்ளே ஓட்டுவாள். சிறுநீரகம் விழித்துக்கொண்டு சிறுநீர் சுரந்தால் அது தேறும், ஒருத்தருக்குப் பொருத்தலாம். சுரக்காவிட்டால் தேறாது.

அந்தக் கரைசலில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. உப்பு, சர்க்கரை, கொஞ்சம் கால்சியம், அப்புறம் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா. ஆனால் ஆப்பசோடாவுக்கு ஒரு குணம். தராசின் ஒரு தட்டில் அது, மறு தட்டில் கரியமில வாயு. இரண்டும் இருந்தால்தான் முள் நேராக நிற்கும். மனிதனுக்குள் அந்த வாயுவைச் சரியான அளவில் நிறுத்திவைப்பது நுரையீரல். கண்ணாடிக் கலத்துக்கு ஏது நுரையீரல்? அதனால் தொண்ணூற்றைந்து பங்கு ஆக்சிஜனும் ஐந்து பங்கு கரியமில வாயுவும் கலந்த ஒரு சிலிண்டரை வைத்துக் கரைசலுக்குள் குமிழி விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஐந்து பங்கு இல்லாவிட்டால் காரம் ஏறும், கால்சியம் திரிந்து மண்டிபோல் படியும், சிறுநீரகத்தின் மயிரிழைக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

இதைத்தான் அவள் பசுமைக் குழுக் கூட்டத்தில் போய்ச் சொன்னாள். குழுவின் செயலாளர் டெஸ்பினா அவளை ஒரு ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஹர்தோபானு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பைகார்பனேட்டுன்னா என்னம்மா? 'பை'ன்னா ரெண்டு. நாங்க ஒரு கார்பனே வேணாங்கறோம். நீங்க ரெண்டு கேக்கறீங்க?"

"சார், அது பழைய பேரு. உள்ள ஒரு கார்பன்தான் இருக்கு."

"அப்ப பேரே பொய்யா? அது இன்னும் மோசமாச்சே!"

"பேரு கெடக்குது சார். எனக்கு அந்த அஞ்சு சதவீத வாயு வேணும். இப்ப நீங்க பேசறீங்களே, நீங்க வெளிய விடற மூச்சுலகூடக் கிட்டத்தட்ட அஞ்சு சதவீதம் அதேதான்."

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். சிறிது நேரம் கழித்து டெஸ்பினா தொண்டையைச் செருமி, டைரக்டரின் மூச்சு இயற்கையானது, புதுப்பிக்கத்தக்கது, ஆகவே கணக்கில் வராது என்று தீர்மானம் படித்தாள். மற்ற உறுப்பினர்களின் மூச்சைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். அது முடிந்த பிறகு, போனால் போகிறது என்று, ஸ்மராந்தாவின் கலப்பு சிலிண்டர் ஒன்றை மட்டும் அடித்தளத்தில் விட்டுவைக்க ஒப்புக்கொண்டார்கள்.

"யார் கண்ணுலயும் படாம வெச்சுக்கணும்" என்றாள் டெஸ்பினா. "குடும்பத்துல ஒரு குடிகாரன் இருந்தா எப்படி வெச்சுப்போமோ, அப்படி."

விருதுக் குழு வரும் நாள் வந்தது. முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள்; வறுத்த இறைச்சி உருண்டைகளின் புகை லிண்டன் மரத்துக் கிளைகளில் சிக்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் பக்காவ் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு சிறுநீரகம் கிளம்பியிருக்கிறது, கொடுத்தவர் வயதானவர், பனிக்கட்டியில் ஏற்கெனவே நெடுநேரம் கிடந்துவிட்டது, தலைநகரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அறுவை மருத்துவர் ஒக்தாவ் படியிறங்கி ஓடிவந்தார்.

"நெக்குலாய்க்குப் பொருந்துதும்மா. நம்பவே முடியல. அவன் ரத்தத்துக்கு ஊர்ல எவன் சிறுநீரகமும் ஒத்துவராது. ஒத்துவர்ற ஒண்ணே ஒண்ணு, கெழடு தட்டி, பனியில வெறைச்சுப்போய் வந்துக்கிட்டிருக்கு."

"ஓட்டிப் பாக்கறேன். சுரந்துச்சுன்னா சொல்றேன்."

"சுரக்கலேன்னா?"

அவள் கரைசல் புட்டிகளை எடுத்துவைக்கத் திரும்பினாள்.

நெக்குலாய் டிராம் ஓட்டுபவன். வருஷக்கணக்காக ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கட்டிக்கிடந்து, தோல் பழுப்பேறிப்போயிருந்தது. இயந்திரத்தின் குழாய் பொருத்த அவன் உடம்பில் இனி நல்ல ரத்தக்குழாய் பாக்கியில்லை. இந்தத் தடவை தவறினால் அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்பதை ஒக்தாவ் யாரிடமும் பேச விரும்பவில்லை. ஸ்மராந்தா வார்டு வழியாகப் போனபோது அவனைத் தள்ளுகட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் பாஸ் ஃபெயில் போடற டாக்டரம்மாவா?" என்றான். "கொஞ்சம் பாத்துப் போடுங்க. நான் பள்ளிக்கூடத்துலயும் எல்லாத்தையும் கடைசி மார்க்குலதான் தாண்டினேன்."

"பரீட்சை உனக்கில்ல, அதுக்கு."

"அப்ப அதுகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி வைங்க."

அடித்தளத்தில் சிறுநீரகம் பனிப்பெட்டிக்குள் காத்திருந்தது. அவள் கரைசலைக் கலந்து, சிலிண்டரைத் திறந்தாள். குமிழிகள் அழகாக எழுந்தன. பி.எச். மீட்டர் ஏழு புள்ளி நாலைக் காட்டியது. அதுதான் வேண்டிய அளவு. கால்சியத்தைச் சேர்த்துவிட்டுக் குழாய்களைப் பொருத்தத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது ஏழு புள்ளி ஆறு.

மீட்டர் கோளாறு என்று நினைத்து, அதைக் கழுவிச் சரிபார்த்து மறுபடி முக்கினாள். ஏழு புள்ளி எட்டு. கண்ணெதிரே கரைசல் கலங்கி, அரிசி கழுவிய தண்ணீர்போல் ஆனது.

சிலிண்டரைப் பிடித்துத் திருப்பினாள். தோளில் ஈரம் காயாத வெள்ளைப் பெயிண்ட். அதன் மேல் ஒரு பச்சை இலைப் படம். இலைக்குக் கீழே 'பரிசுத்த ஆக்சிஜன்' என்று எழுதியிருந்தது.

"கியோச்செல் அண்ணே!"

கியோச்செல் மாடிப்படியில் பூந்தொட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அப்படியே வந்து நின்றார்.

"என் சிலிண்டர் எங்கே?"

"டெஸ்பினாம்மாதான் மாத்தச் சொன்னாங்க. இது நூறு சதவீதம் சுத்தமானது, அதுல அஞ்சு சதவீதம் அழுக்கு இருக்குன்னாங்க. உங்களுக்கு நல்லது பண்றாங்கன்னு நெனைச்சேன். ஏன், என்னாச்சு?"

அவள் கலங்கிய கலத்தைக் காட்டினாள். கியோச்செல் தொட்டியைக் கீழே வைத்தார்.

ஒக்தாவ் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சொட்டு அமிலம் விட்டா எறங்காதா?" என்றார்.

"எறங்கும். கூடவே ஆப்பசோடாவும் செத்துப்போகும். அப்புறம் தாங்கறதுக்கு உள்ள எதுவும் இருக்காது. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதை. உங்க தியேட்டர்ல, துளை போட்டுச் செய்யற ஆப்பரேஷனுக்கு வயித்தை ஊதறதுக்கு அந்த வாயு வெச்சிருப்பீங்களே?"

"அதையும் நாடா கட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வாரமா எல்லாரையும் அகலமாத்தான் வெட்டிக்கிட்டிருக்கேன்."

பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். அவர்களும் அதே விருதுக்குப் போட்டியிட்டார்கள். ஒரு மாதம் முன்பே பிரியாவிடை கொடுத்துவிட்டார்கள், அதுவும் குதிரைப்படை வாத்தியத்தோடு. வாயுக் கிடங்கில் கேட்டதற்கு, வண்டி வெளியூர் போயிருக்கிறது, இருட்டிய பிறகுதான் வரும் என்றார்கள். பனிப்பெட்டியில் இருந்த உயிர் அவ்வளவு நேரம் தாங்காது.

அவள் மேலே ஓடினாள்.

முன்கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மலர்வளையம் சாத்திய ஒரு சிலிண்டர். 'இந்த வளாகத்தின் கடைசிக் கரி' என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. அடிப்பகுதியில் இருந்த நசுங்கலைப் பார்த்ததும் ஸ்மராந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுடைய சிலிண்டர்.

"அதைத் தொறங்க டெஸ்பினா. இப்பவே வேணும்."

"அது காட்சிப்பொருள்."

"கீழ ஒரு சிறுநீரகம் காத்துக்கிட்டிருக்கு."

"தொறந்தும் பிரயோசனமில்ல" என்றாள் டெஸ்பினா, மலர்வளையத்தைச் சரிசெய்தபடி. "நேத்தே காலி பண்ணியாச்சு. உள்ள சரக்கோட வெச்சா அது கண்காட்சியா? கடத்தல்."

ஹர்தோபானு மாநாட்டு மண்டபத்தில் தனியாக நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்மராந்தா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது.

"தொண்ணூத்தஞ்சு சதவீதம் ஆக்சிஜன் நல்லதுன்னா, நூறு இன்னும் நல்லதுதானே?"

"இல்ல சார்."

"உலகம் எரிஞ்சுக்கிட்டிருக்கு. நீங்க ஒரு அஞ்சு சதவீதத்துக்காக அழறீங்க."

"மேல ஒருத்தர் மேசையில படுத்திருக்கார் சார்."

"அவரும் இந்த உலகத்துலதானம்மா படுத்திருக்கார்!" ஹர்தோபானுவின் குரல் தழுதழுத்தது. தன் வார்த்தை தன்னையே தொட்டுவிட்டதில், அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினார். "இங்க பாருங்க. விருது வந்தா கட்டிடம் வரும். கட்டிடம் வந்தா வார்டு வரும். வார்டு வந்தா எத்தனை நோயாளி வருவாங்க! இன்னைக்கு ஒரு நோயாளிக்காக, நாளைக்கு வரப்போற அத்தனை பேரையும் கொல்லச் சொல்றீங்களா? எனக்கு நோயாளிங்க மேல அவ்வளவு அன்பு. அதனாலதான் ஒருத்தரைக்கூட நான் போய்ப் பாக்கறதில்ல. பாத்தா மனசு எளகிடும், நிர்வாகம் பண்ண முடியாது."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். இந்த மனிதர் நடிக்கவில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கதவைச் சாத்தாமலே வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கூடாரத்துக்குள் பீர் ஊற்றுபவன் மேசை போட்டுக் குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். கைப்பிடியை இழுத்தான். புஸ் என்று ஒரு சத்தம், கோப்பையில் வெள்ளை நுரை பொங்கியது. ஸ்மராந்தாவின் தலை தானாகத் திரும்பியது. மேசைத் துணிக்குக் கீழே, மான் படம் போட்ட ஒரு சாம்பல் நிறச் சிலிண்டர் நின்றது.

பின்னால் வந்த கியோச்செலும் அதைப் பார்த்தார்.

"இதைக் கழட்டிக் குடுப்பா" என்றாள் ஸ்மராந்தா.

பீர்க்காரன் கழுத்தில்லாத தடியன். சிரித்தான். "இதைக் கழட்டினா பீர் செத்துடும்மா."

"கழட்டலேன்னா ஒரு ஆள் செத்துடுவான்."

"யாரு?"

"நெக்குலாய்னு ஒருத்தன். டிராம் ஓட்டறவன்."

"மேட்டு லைன்ல ஓட்டுவானே, பெரிய மீசைக்காரன், அவனா? அவன் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல! மழையில எத்தனை நாள் நின்னிருக்கேன் தெரியுமா?" என்று திட்டிக்கொண்டே குனிந்து, ஸ்பேனரை மாட்டிக் கழற்ற ஆரம்பித்தான். "நான் கேட்டேன்னு சொல்லுங்க அவன்கிட்ட. இந்தாங்க, இந்தக் குழாய் முனையையும் சேத்து எடுத்துக்கங்க, இல்லேன்னா உங்க குழாய் சேராது."

கியோச்செல் சிலிண்டரைத் தன் மேல்கோட்டில் சுற்றித் தோளில் போட்டார். வழியில் டெஸ்பினா எதிர்ப்பட்டு, "என்ன அது?" என்றாள்.

"கார்ப்பெட்டும்மா. விருந்தாளிங்க நடக்கறதுக்கு."

"சீக்கிரம் விரிங்க, அவங்க வந்துட்டாங்க!"

அடித்தளத்தில் ஸ்மராந்தாவின் வேலை பிசகவில்லை. ஆக்சிஜனை ஒரு குழாயிலும் மான் வாயுவை இன்னொரு குழாயிலும் எடுத்து, அளவுமானிகள் வழியாகத் தொண்ணூற்றைந்துக்கு ஐந்து என்று சேர்த்து, கிருமி வடிகட்டி ஒன்றின் ஊடாக விட்டாள். கலங்கிப்போனதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல். முதலில் குமிழி. முள் ஏழு புள்ளி நாலுக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்து, கடைசியில்தான் கால்சியம். கரைசல் பளிங்குபோல் இருந்தது.

"நிக்குதா?" என்றார் கியோச்செல்.

"நிக்குது."

சிறுநீரகத்தைப் பனியிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். முதலில் அது கல்லைப்போல் கிடந்தது. திட்டுத்திட்டாகக் கறுத்திருந்த இடங்கள் மெல்லக் கழுவப்பட்டு வெளிறின. கரைசல் கஷ்டப்பட்டு நுழைந்து, பிறகு கொஞ்சம் எளிதாக ஓடியது. சிறுநீர்க் குழாயின் முனையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழல் செருகி, அதன் நுனியைச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மேல் நிறுத்தினாள். இனி பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. குழலின் நுனி உலர்ந்தே இருந்தது.

இந்தச் சமயம் முற்றத்தில் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்தும் நேரம் வந்தது. பீர்க்காரன் கைப்பிடியை இழுத்தான். மஞ்சளாக ஏதோ ஒரு திரவம், சத்தமின்றி, நுரையின்றி, மருத்துவமனைக்கு மிகவும் பொருத்தமான ஒரு தோற்றத்தில் ஒழுகி நின்றது. விருந்தினர்கள் கோப்பைகளை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார்கள். வேறு வழியில்லாமல் ஹர்தோபானு சுற்றிக்காட்டும் நிகழ்ச்சியை முன்னதாகவே தொடங்கிவிட்டார்.

அதனால் அடித்தளத்தின் கதவு யாரும் எதிர்பாராத நேரத்தில் திறந்தது. முன்னால் விருதுக் குழுத் தலைவி ஹெல்மா, உயரமான டச்சுக்காரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன். பின்னால் அதிகாரிகள், கேமராக்காரர்கள்.

"இது எங்கள் இதயம்" என்று சிறுநீரகத்தைக் காட்டித் தொடங்கினார் ஹர்தோபானு. அப்போதுதான் மான் படம் அவர் கண்ணில் பட்டது.

அவர் சட்டென்று நகர்ந்து சிலிண்டருக்கு முன்னால் நின்றுகொண்டார். கோட்டு விளிம்புகளை அகல விரித்தார். உரை நிற்கவில்லை. "இங்கே, கரியின் நிழல்கூடப் படாத சூழலில், மனித உறுப்பு ஒன்று தூய ஆக்சிஜனை மட்டும் சுவாசிக்கிறது..." பேசிக்கொண்டே அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் போய் எதையோ தேடியது.

ஸ்மராந்தா முதலில் அதைக் கவனிக்கவில்லை. குமிழிகள் எப்போதும்போல் எழுந்துகொண்டிருந்தன. ஆக்சிஜன் தனியாக வந்தாலும் குமிழி குமிழிதான். அவள் தற்செயலாக மீட்டரைப் பார்த்தாள். ஏழு புள்ளி ஐந்து. கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். ஏழு புள்ளி ஆறு. அளவுமானியில் மான் வாயுவின் ஓட்டத்தைக் காட்டும் மிதவை மணி அடியில் விழுந்து கிடந்தது.

"சார்" என்றாள் மெல்ல. "கையை எடுங்க."

"...இது ஒரு நிறுவனத்தின் வெற்றி அல்ல, ஒரு நாகரிகத்தின் வெற்றி..."

"சார், மூடிட்டீங்க. தொறங்க."

அவர் உதடு அசையாமல், "அஞ்சே நிமிஷம். போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார்.

"அஞ்சு நிமிஷம் தாங்காது."

கலத்தின் அடியில் ஒரு மெல்லிய வெண்படலம் சுழல ஆரம்பித்தது. கரைசல் ஓடும் வேகம் குறைந்தது. கதவருகே ஒக்தாவ் கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"உண்டா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. மயக்க மருந்து குடுக்கறதா வேணாமா?"

ஸ்மராந்தா இருபது வருஷமாக அந்த நிறுவனத்தில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை. இப்போது அவள் கையுறை போட்ட ஈரக் கையால் டைரக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் முறுக்கி இழுத்து, அவரை ஒரு பக்கமாகத் தள்ளினாள். சிலிண்டரின் திருகைத் திறந்தாள். அளவுமானியின் மணி துள்ளி எழுந்தது. மான் எல்லோரையும் பார்த்தது.

கேமராக்காரர் ஒருவர் கேமராவைத் தாழ்த்தினார். டெஸ்பினா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இது கரியமில வாயு" என்றாள் ஸ்மராந்தா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "உங்க பீர்ல இருந்து எடுத்தேன். இது இல்லேன்னா இந்தக் கரைசல் கல்லாயிடும். இந்தச் சிறுநீரகம் செத்துடும். மேல இருக்கறவனும் செத்துடுவான். போங்க, விருதை வேற யாருக்காவது குடுங்க. ஆனா இதை மூடாதீங்க."

மொழிபெயர்ப்பாளன் தயங்கி, ஹர்தோபானுவைப் பார்த்துவிட்டு, முழுதையும் சொன்னான். ஹெல்மா நீண்ட நேரம் கலத்தைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எவ்வளவு?

"அஞ்சு சதவீதம்."

ஹெல்மா தன் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பக்கங்கள் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. மீட்டர் ஏழு புள்ளி ஐந்துக்கு இறங்கியிருந்தது. குழலின் நுனி இன்னும் உலர்ந்துதான் கிடந்தது. கடைசியில் ஹெல்மா ஒரு வரியில் விரலை வைத்து ஏதோ சொன்னாள்.

"விதிப்படி" என்று மொழிபெயர்த்தான் அவன், "வெளிய விட்டாத்தான் கழிவாம். ஒரு பொருளுக்குள்ள போனா அது சேமிப்பாம். கரியை மனித உறுப்புக்குள்ள சேமிக்கறதை இவங்க வேற எங்கயும் பாத்ததில்லையாம்."

ஹர்தோபானு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

"அதைத்தான் நான் சொல்ல வந்தேன்!" என்றார். "கரியை ஒழிப்பது பழைய சிந்தனை. நாங்கள் அதைக் கடந்துவிட்டோம். உலகத்திலேயே முதல்முறையாக, கரியை மனிதனுக்குள்ளேயே குடியமர்த்தும் இந்தத் திட்டத்தை, டாக்டர் ஸ்மராந்தா என் நேரடி வழிகாட்டுதலில்..."

கேமராக்கள் மறுபடி உயர்ந்தன. அவர் கோட்டு விளிம்புகளைச் சுருக்கிக்கொண்டு, சிலிண்டரின் தோளில் கை போட்டு, மான் தெரியும்படி நின்றார்.

அந்த உரையின் நடுவில் எங்கோ, குழலின் நுனியில் ஒரு பளபளப்பு தோன்றியது. அது உருண்டது, கனத்தது, தொங்கியது. எல்லோரும் டைரக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கியோச்செல் தொப்பியைக் கழற்றினார். சொட்டு விழுந்தது. அடுத்தது உடனே வரவில்லை. பிறகு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின் அவை காத்திருக்கவில்லை.

"ஒக்தாவ்!" என்று கத்தினாள் ஸ்மராந்தா. "உண்டு!"

விருது கிடைத்தது. அதோடு சில மாற்றங்களும் வந்தன. சிலிண்டர்கள் எல்லாம் திரும்பி வந்தன. அவற்றின் பெயர் இப்போது 'சேமிப்புப் பொருள்'. விருந்தைக் கெடுத்ததற்காக ஸ்மராந்தாவுக்கு ஒரு கண்டனமும், திட்டத்தை நடத்தியதற்காக ஒரு பாராட்டும் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் டெஸ்பினாவின் கையெழுத்து ஒரே மாதிரி அழகாக இருந்தது. நெக்குலாய் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் பச்சை இலைப் படம் ஒட்டி, 'உயிருள்ள கரிச் சேமிப்பகம்' என்று எழுதினார்கள். அவனை ஊரைவிட்டு வெளியே அனுப்பினால் அது வெளியேற்றம் ஆகுமா என்று ஆராய ஒரு துணைக்குழுவும் அமைத்தார்கள்.

நெக்குலாயின் சிறுநீர்ப்பையில் வைத்திருந்த குழாயை எடுத்த அன்று, தொலைக்காட்சிக்காரர்களோடு ஹர்தோபானு வார்டுக்கு வந்தார். ஒரு நோயாளியை அவர் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நெக்குலாயின் தோளில் கை வைத்து, கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஸ்மராந்தாவை இன்னொரு பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"இந்தச் சாமானிய மனிதனுக்குள்ளே இன்று இருப்பது ஒரு சிறுநீரகம் அல்ல. ஒரு கண்டத்தின் நம்பிக்கை..."

நெக்குலாய் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தான். முகம் சிவந்து, பிறகு நெளிந்தான்.

"சார்" என்றான்.

"...தலைமுறைகள் கடந்தும்..."

"சார், மன்னிச்சுக்கங்க. நான் ஒண்ணுக்குப் போகணும்."

"அப்புறம் போலாம்ப்பா, இது நேரடி ஒளிபரப்பு."

"அவசரமா வருது சார்" என்றான் நெக்குலாய், ஒரு அதிசயத்தைச் சொல்வதுபோல. "ஆறு வருஷமா எனக்கு இப்படி வந்ததே இல்ல சார்."

போர்வையை விலக்கிவிட்டு, வயிற்றுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து, மருந்துப் பை தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு கேமராக்களுக்கு நடுவே நடந்து போனான். கழிப்பறை வார்டுக்குள்ளேயே இருந்தது. அதன் கதவு அட்டைபோல மெல்லியது. ஹர்தோபானு காலிக் கட்டிலின் தலையணையில் கை வைத்துக்கொண்டு உரையைத் தொடர்ந்தார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்மராந்தா தலையைக் கழிப்பறைப் பக்கம் சாய்த்தாள். பிறகு கேட்டது, விட்டுவிட்டு, சந்தேகத்தோடு. பிறகு சந்தேகமில்லாமல், ஒரு தாரையாக, பீங்கானில் மோதி ஒலித்துக்கொண்டு. கதவுக்குப் பின்னால் நெக்குலாய் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது சிரிப்புத்தானா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒலிவாங்கி பிடித்திருந்த பெண் தலையைத் திருப்பினாள். அவளுடைய கையும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

ஹர்தோபானு குரலை உயர்த்தினார். தாரை நிற்கவில்லை. அவர் இன்னும் உயர்த்தினார்.